ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

"ஏனுங்க அம்மணி, வர்ற ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்றீங்களாமா?"

வாசலில் தோட்ட முதலாளி சென்னகிருஷ்ணன் நின்றார். பாவாத்தாள் அவசரமாக எழுந்தாள். வேலையாள் வீட்டுக்கு அவர் வந்ததே கிடையாது. அதைவிட, எப்போதும் "ஏ பாவாத்தா" என்று கூப்பிடுகிறவர் இன்று 'ங்க' போட்டுப் பேசினார். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"ஆமாங்க முதலாளி. சர்ச்சுலீங்க."

"மைக்ல உங்க பேரைச் சொன்னாங்களாம். டிரைவர் தீபக் சொன்னான். என்ன சொல்லப் போறீங்க?"

"போன வெள்ளிக்கிழமை வெடியக்காலம் தோட்டத்துல நடந்ததைத்தானுங்க."

தெருவில் நின்ற அவர் காரில் சாய்ந்திருந்த அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பாஸ்டர்கிட்ட மட்டுமுங்க. கேட்டுப்போட்டு அழுதுட்டாருங்க. சபை முன்னாடி சொல்லியே ஆகோணும்னாருங்க."

சென்னகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்படி ஒரு நாள் வரும் என்று பாவாத்தாளுக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. தண்ணீரில் இறங்கும் முன்பே பாஸ்டர் கேட்டிருந்தார். "வேலை போகலாம், ஊடு போகலாம். சிலுவைன்னா அதுதான். சம்மதமா?" சம்மதமுங்க என்றிருந்தாள்.

"சாட்சியெல்லாம் வேண்டாமுங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

"ஆகாதுங்க முதலாளி. ஆண்டவர் செஞ்சதை மறைச்சா நான் என்ன விசுவாசிங்க?"

"ஆண்டவரை எதுக்குங்க இதுல இழுக்கறீங்க?"

"அவரில்லாம அன்னிக்கு என்ன நடந்துச்சுங்க?"

"இந்த ஊடு யாருது?"

"உங்களுதுங்க. காலி பண்ணச் சொன்னா பண்ணிப்போடறேன்."

"வேலை?"

"போனாப் போகட்டுமுங்க."

பக்கத்து வீட்டிலிருந்து காளியாத்தாளின் அழுகை கேட்டது. அவள் புருஷன் எவளோடோ பாலக்காட்டுப் பக்கம் ஓடிவிட்டான் என்று ஊரே பேசியது. அவள் மட்டும் நம்பவில்லை. சென்னகிருஷ்ணன் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பொண்ணு ஷ்ரவ்யா காலேஜ் முடிஞ்சு டவுன் பஸ்லதான வருது? இருட்டற நேரத்துல ஸ்டாப்புல ஒத்தையில எறங்குதே, பாத்துக்குங்க."

பாஸ்டர் கேட்டதில் மகள் இல்லை.

"எம் புள்ளைய ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க. எதுக்குங்க முதலாளி இவ்வளவு கோபம்? எஞ்சாமி எனக்கு, உங்க சாமி உங்களுக்கு."

"சாமியாவது பூதமாவது" என்று சீறினார் அவர். 'ங்க' காணாமல் போயிருந்தது. "காட்டுப்பன்னிக்குத்தான் கரண்டுக் கம்பி கட்டுனேன். காளியாத்தா புருஷன் வந்து மிதிப்பான்னு நானென்ன கனவா கண்டேன்? தென்னைக்குழில போட்டு மூடுனதைப் பாத்துட்ட. பாத்ததோட உட்டுப்போடு."

பாவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுவியா?"

"சொல்லலீங்க."

"அது. காலையில நேரத்துக்கு வேலைக்கு வந்துரு, பாவாத்தா."

கார் மறையும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு போனை எடுத்தாள். "கண்ணு, பஸ் ஏறாத. உன் சிநேகிதி ஊட்லயே இரு. நான் சொல்ற வரைக்கும் வராத."

அந்த வெள்ளிக்கிழமை அவள் எந்தக் குழியையும் பார்த்திருக்கவில்லை. தண்ணீர் திருப்பப் போன இடத்தில் ஒற்றை யானை எதிரே வர, தொட்டிக்குப் பின்னால் குந்தி, கண்களை இறுக மூடி "இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்; யானை விலகிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சொல்ல அவளிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"காளியாத்தா, கெளம்பு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம். நான் சாட்சி சொல்லோணும்."