இறங்காத நம்பர்

நாற்பத்தாறு.

தண்ணீர்ச் செம்புக்கு அடியில் கிடந்த லேப் ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் ராஜமுருகனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மடிப்பெல்லாம் நைந்து, டேப் ஒட்டிய தாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தான்.

கட்டிலில் கிடந்த பழனிமுத்துவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். சித்திரையில் மதுரையில் ஆபரேஷன். போன வாரம்தான் மறுபடி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மன்னவனூர் திரும்பியிருந்தார்.

கொடைக்கானல் மருந்துக்கடை ஜலீல் பாயிடம் முன்கூட்டியே விசாரித்திருந்தான் ராஜமுருகன். "சி.இ.ஏ.ன்னு ஒரு நம்பர் பாப்பாங்க. அஞ்சுக்குள்ள வந்துட்டா நல்லது. கட்டியை வெட்டி எடுத்த பெறகும் எறங்கலேன்னா, மிச்சம் எங்கயோ ஒளிஞ்சு கெடக்குன்னு அர்த்தம்."

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"அதான் சீட்டைப் பாத்துட்டியேலே. மனுவை வாபஸ் வாங்கணும், அதானே ஒன் சோலி?"

மகன் குகனின் சாவை மறுபடி விசாரிக்கச் சொல்லி பழனிமுத்து கோர்ட்டில் போட்டிருந்த மனு அது. ராஜமுருகன் வாபஸ் தாளையும் பேனாவையும் நீட்டினான்.

"கையெழுத்துப் போடுறேன். எம்புள்ள பள்ளத்துல தவறி விழுந்தான்னு ஊரே சொல்லுது. நெசத்தை மட்டும் சொல்லிரு. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

ராஜமுருகன் இன்னொரு தடவை செம்புக்கு அடியில் பார்த்தான். நாற்பத்தாறு. போகப்போகிற மனுசனிடம் சொன்னால்தான் என்ன?

"கேரட்டுக் காட்டைப் பன்னி தோண்டுதுன்னு கரண்ட்டுக் கம்பி இழுத்திருந்தேண்ணே. விடியுமுன்ன வெள்ளனே குறுக்கால வந்த குகன் மிதிச்சுட்டான். நாந்தான் தூக்கிட்டுப் போயி பள்ளத்துல…"

"அப்ப உசுரு இருந்துச்சா?"

ராஜமுருகன் தரையைப் பார்த்தான். "இருந்துச்சு."

"கம்பி?"

"அதே பள்ளத்துலதான் வீசுனேன். பாறை இடுக்குல கெடக்கு."

பழனிமுத்து பேனாவை எடுக்கவில்லை. வாபஸ் தாளை நாலாகக் கிழித்துப் போட்டார்.

ராஜமுருகன் பதறவில்லை; சிரித்தான். "கிழிங்க, நல்லாக் கிழிங்க. கோர்ட்டுக்கு அலைய ஆளு வேணும்ல? அடுத்த வாய்தா வர்றதுக்குள்ள ஒங்களுக்குப் பதினாறாம் நாளே முடிஞ்சிரும்."

அடுப்படி வாசலில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த பழனிமுத்துவின் மகள் ஜெயப்பிரியா முன்னால் வந்தாள். மடிப்புக் கலையாத புதுத் தாள் ஒன்றை அவன் மடியில் வைத்தாள்.

"போன வாரம் எடுத்தது இதுதான். படிங்க."

அதே பெயர். அதே பரிசோதனை. எண் மட்டும் வேறு: இரண்டு.

ராஜமுருகன் செம்புப் பக்கம் திரும்பினான். "அப்ப… அந்த நாப்பத்தாறு?"

பழனிமுத்து கையூன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது ஆபரேஷனுக்கு முந்தி எடுத்ததுலே."