அகலம்

“தெருவே குஷியா இருக்குது. நீ மட்டும் ஏன்பா இழவு வீட்டு மூஞ்சியோட நிக்கிற?”

கேட்ட பிறகுதான் ராமராஜன் நாக்கைக் கடித்துக்கொண்டார். விமல்ராஜின் அம்மா பெரியநாயகி போய் நாலு மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் ஒரு நல்ல நாளில் இப்படியா நிற்பது?

நல்ல நாள்தான். இந்தத் தெருவில் பிறந்து, சென்னையில் பெரிய கம்பெனி நடத்தும் சிவபாலன், புதுக் காருக்குப் பூசை போட வருகிறார். தெருக்கோடி அம்மன்தான் அவருக்குக் குலதெய்வம். இத்தாலிக் கார். செய்கிறவனே எண்ணித்தான் செய்வானாம்.

“வண்டி கோயில் வாசல் வரைக்கும் வரணும் ராமராஜா. வந்துடுச்சின்னா உன் பொண்ணு வேலைய நான் பாத்துக்கறேன்” என்று போனில் சொல்லியிருந்தார்.

ராமராஜன் தெருச் சங்கத் தலைவர். மகள் தீபிகா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. படிப்பை முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். யாராவது “வேலை?” என்று கேட்டுவிடுவார்களோ என்று கல்யாணம் காட்சிக்குக்கூடப் போவதில்லை.

ஆனால் இந்தத் தெருவுக்குள் ஆட்டோவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அதனால்தான் மெக்கானிக்கல் படித்த விமல்ராஜைக் கூப்பிட்டிருந்தார்.

“அந்தக் காரு உள்ள வருமாடா?”

விமல்ராஜ் தெருவை ஒருமுறை பார்த்தான்.

“ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும் மாமா, அதோட அகலம். இப்ப இருக்கிற மாதிரின்னா வராது. ரெண்டு பக்கமும் பைக்க எடுக்கணும். வடிவு அக்கா இஸ்திரி வண்டி, மூணாவது வீட்டு தண்ணி டிரம்மு, உங்க வாசல்ல போட்ட சிமெண்டு சரிவு... இதெல்லாம் போச்சின்னா தாராளமா வரும்.”

டேப்பைக்கூட எடுக்காமல் மடமடவென்று சொன்னான்.

“அவ்ளோதானா?”

“நீங்க சொன்னா எடுப்பாங்களா மாமா?”

“நான் சொல்லி எடுக்காம இருப்பானுங்களா? இன்னா பேச்சு பேசுற!”

எடுத்தார்கள். பைக்குகள் பக்கத்துத் தெருவுக்குப் போயின. தெருவில் நீட்டியிருந்த தறிப் பாவு நூலைக்கூட நெசவுக்காரர்கள் சுருட்டிக்கொண்டு போனார்கள். வடிவு மட்டும் முணுமுணுத்தாள்.

“காலங்காத்தால என் பொழப்புல மண்ணா?”

“தள்ளுக்கா! சிவபாலன் சட்டையெல்லாம் இனிமே உங்கிட்டதான் தேய்க்க வரும்” என்றான் தெருப் பையன் கலைவாணன்.

ராமராஜன் கடப்பாரையை வாங்கி, தன் வீட்டுச் சரிவைத் தானே உடைத்தார். வேர்த்துக் கொட்டியது. தீபிகா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

காத்திருந்த நேரத்தில் பையன்கள் விமல்ராஜைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“இன்னா ஸ்பீடுடா போவும்?”

“நின்ன இடத்துலருந்து நூறத் தொட ரெண்டரை செகண்டு. முன்னூத்தம்பது வரைக்கும் போவும். பெரிய பெட்ரோல் இன்ஜின், அதோட மூணு கரண்டு மோட்டாரு. ஆயிரம் குதிரை சக்தி.”

“ஆயிரம் குதிரையா! சாணி யார்ரா அள்றது?”

எல்லோரும் சிரித்தார்கள். விமல்ராஜ் சிரிக்கவில்லை. பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் ராமராஜன்.

கார் தெருமுனையில் திரும்பியது. சத்தமே இல்லை.

“ஆஃப் ஆயிடுச்சாடா?” ராமராஜன் எட்டிப் பார்த்தார்.

“இல்ல மாமா. கரண்டுல வருது. இன்ஜின இன்னும் எழுப்பல.”

சொல்லிவிட்டு விமல்ராஜ் காருக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் நீட்டி, “வாங்க சார், வாங்க... கொஞ்சம் லெப்ட்டு...” என்று பின்பக்கமாகவே நடந்து அழைத்துவந்தான். முன்னூற்றைம்பதில் போகிற கார், வீதியுலா வரும் சாமி மாதிரி அவனைத் தொடர்ந்து ஊர்ந்து வந்தது. ஒரு கீறல் விழவில்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பூசணிக்காய் உடைந்தது. சிவபாலன் ராமராஜனின் முதுகில் தட்டினார்.

“திங்கக்கெழம பொண்ண ஆபீசுக்கு அனுப்பு.”

ராமராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பிப் போகும்போது பெரிய ரோட்டைத் தொட்டதும்தான் இன்ஜின் விழித்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கண்ணைச் சிமிட்டுவதற்குள் காரைக் காணோம்.

“இந்நேரம் தாமல் ஏரிய தாண்டியிருக்கும்” என்றான் கலைவாணன்.

“யாரு உசுரக் காப்பாத்த இவ்ளோ வேகமாம்?” என்றபடி வடிவு இஸ்திரி வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவந்தாள். பைக்குகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின.

“நாளைக்குக் கொத்தனார வரச் சொல்லும்மா. சரிவ திரும்பப் போடணும்” என்று வீட்டுக்குள் குரல் கொடுத்த ராமராஜன், விமல்ராஜின் தோளில் கை போட்டார்.

“உன்னாலதான்டா என் பொண்ணுக்கு வேலை. ஆமா, டேப்பே வெக்காம எப்படிடா அவ்ளோ கரெக்டா சொன்ன?”

“ஏற்கெனவே அளந்து வெச்சிருந்தேன் மாமா. அம்மா காரியம் முடிஞ்ச மறுநாளு.”

ராமராஜனின் கை தோளிலேயே நின்றுவிட்டது. பெரியநாயகிக்கு முடியாமல் போன அன்றைக்குத் தெருமுனையில் நின்று, ‘வண்டி உள்ள வராதுப்பா, தூக்கிக்கினு வரச் சொல்றேன்’ என்று டிரைவரைத் தடுத்தது அவர்தான்.

விமல்ராஜ், உடைந்து கிடந்த சிமெண்டுத் துண்டு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“ஆம்புலன்ஸு இந்தக் காரவிட நாலு விரல் அகலம் கம்மி மாமா.”