பஜ்ஜி தசைக்குப் பரிகாரம்

வறுத்த சோயா தின்பவன் நாகரிகத்துக்கே துரோகி என்று இளம்பரிதி உறுதியாகச் சொல்லிவந்தான். மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததே பஜ்ஜி போடத்தான் என்பது அவனுடைய ஆராய்ச்சி முடிவு.

அந்த முடிவோடுதான் குழலியைப் பெண் பார்க்கப் போனான். இப்போதெல்லாம் யாரும் ஜாதகக் கட்டத்தைக் கேட்பதில்லை; மணிக்கட்டுப் பட்டையில் தெரியும் சத்துக் கட்டத்தைத்தான் பொருத்திப் பார்க்கிறார்கள். பெண் வீட்டார் வரவழைத்திருந்த டயட்டீஷியன் அவன் பட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புரதம் நீசம். கொழுப்பு உச்சத்துல உக்காந்திருக்கு. தம்பிக்கு இப்ப பஜ்ஜி தசை நடக்குது."

"பரிகாரம் ஏதாச்சும் உண்டுங்களா?" அவன் அம்மா பதறிப்போனாள்.

"ஒரு மண்டலம் வறுத்த சோயா சாப்பிடணும். நூறு கிராமுல நாப்பது கிராம் கிட்ட புரதம்மா, நார்ச்சத்து வேற."

"மாட்டுத் தீவனத்த மனுசன் திங்கிறதா?" என்று இளம்பரிதி சிரித்தான். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"உங்க பேச்சு எனக்குப் புடிச்சிருக்குங்க, கட்டந்தான் இடிக்குது" என்றாள் குழலி. "நாப்பத்தெட்டு நாள் பாக்கறேன். அப்புறம் திருப்பூர்ல இருந்து ஒரு வரன் வருது."

கொள்கையை விடமாட்டேன் என்று காரில் ஏறும்வரை முழங்கினான். தாம்பூலப் பையில் வெற்றிலையோடு ஒரு பொட்டலம் சோயாவும் இருந்தது.

கார் கிளம்பிச் சற்று நேரத்தில் முன் இருக்கையிலிருந்து அம்மா கேட்டாள்: "என்னடா அது, நொறுக்கு நொறுக்குன்னு?"

"ரோட்டுல ஜல்லிம்மா" என்றான் வாயைத் திறக்காமல்.