செவ்வாய்க்கிழமை வந்தவள்

"எல்லாப் பேப்பரும் இருக்குக்கா. விலாசச் சான்று மட்டும்தான் இல்ல. வாடகை வீடு, ஓனர் எழுதித் தரமாட்டேங்கறாரு."

ஜன்னலுக்கு வெளியே நின்றவள் சொல்லி முடிப்பதற்குள் பவுடர் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆகா, இவள்தான் அவள்!

பவுடர் அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. தாய் சேய் ஊட்டச்சத்து மையத்தில் பால் பவுடர் டப்பா கொடுப்பவள் என்பதால் வட்டாரமே கூடி வைத்த பெயர் அது. ஒன்பது வருடமாக அதே ஜன்னல், அதே நாற்காலி. யாரிடமாவது ஒரு சான்று குறைந்தால், "அடுத்த வாரம் மறக்காமக் கொண்டா, இல்லேன்னா பாரு" என்று திட்டிக்கொண்டே டப்பாவை நீட்டிவிடுவாள். விதிப்படி அது தப்பு. அது அவளுக்கும் தெரியும்.

போன வாரம்தான் மேலதிகாரி எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து எச்சரித்திருந்தார்.

"பல்கலைக்கழகமும் நம்ம துறையும் சேர்ந்து ஆய்வு பண்றாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போற அம்மாமாருங்க ஏன் மறுபடி வர்றதில்லன்னு கண்டுபிடிக்கணுமாம். அவங்க ஆளுங்களே கைக்குழந்தையோட அம்மா மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வருவாங்க. யாரு, என்னிக்குன்னு சொல்லமாட்டாங்க. ஒரு பேப்பர் குறைஞ்சாலும் குடுத்துடாதீங்க. அப்புறம் வேலை போச்சுன்னு என்கிட்ட வந்து அழக் கூடாது."

சொல்லும்போது அவர் பார்வை பவுடர் அக்கா மேலேயே இருந்தது.

இப்போது அவள் வந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பு. பேச்சும் ஒப்பித்துப் பார்த்துவிட்டு வந்த மாதிரி. தோளில் கிடந்த மூன்று மாதப் பெண் குழந்தையோ, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் நெளிந்து நெளிந்து அழுதது. பெற்றவளிடம் எந்தக் குழந்தை அப்படி அழும்? இரவல் குழந்தை, சந்தேகமே இல்லை.

"பொறந்தப்ப எடை எவ்வளவு?" என்றாள் கறாராக.

வந்தவள் திருதிருவென்று விழித்தாள். "ரெண்டு... ரெண்டே கால் கிலோன்னு நெனைக்கிறேன்க்கா."

நினைக்கிறாளாம்!

"பேப்பர் இல்லாமத் தர முடியாதும்மா."

"ஒரே ஒரு டப்பா குடுங்கக்கா. எனக்குப் பால் சரியா சுரக்கல. அடுத்த தடவை எப்படியாவது..."

"விதின்னா விதிதான். அடுத்த ஆள் வாங்க!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று பவுடர் அக்காவுக்கே சந்தேகமாக இருந்தது. வந்தவள் சண்டை போடவில்லை. "சரிக்கா" என்றாள். குழந்தையின் தலைமேல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

"என்னா நடிப்புடி!" என்று எடை பார்க்கும் தோழியிடம் சொல்லிச் சிரித்தாள் பவுடர் அக்கா. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னடி, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

"நடிப்பாவே இருந்தாலும் அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருக்க வேணாம்."

"நல்லாருக்கே! உனக்கு வேலை போனா ரெண்டு பிள்ளைங்களையும் யாரு படிக்க வைப்பா? அவ சாயந்தரம் குழந்தையப் பெத்தவ கைல குடுத்துட்டு, சம்பளத்த வாங்கிட்டு ஜாலியாப் போயிடுவா. போய் சாப்பிடு."

சாப்பாடு இறங்கவில்லை. வந்தவள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மறந்திருக்கும். அந்தச் "சரிக்கா"தான் காதை விட்டுப் போகமாட்டேன் என்றது.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் மேடம் வந்தார். தடித்த கோப்பு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. நாங்க யார் மேலயும் தப்புக் கண்டுபிடிக்க வரல. உங்களப் பத்தி எங்க ஆளு ரொம்ப நல்லவிதமா எழுதியிருக்காங்க."

பவுடர் அக்காவுக்குக் கூசிப்போயிற்று. "என்ன மேடம், கிண்டலா? அவங்ககிட்ட என் சார்பா ஒரு மன்னிப்புக் கேட்டுடுங்க. அன்னிலேருந்து மனசே சரியில்ல."

"மன்னிப்பா, எதுக்கு?"

"அழுத குழந்தையோட வெரட்டிவிட்டேனே! நிஜமான அம்மாவா இருந்தா செய்வேனா மேடம்? பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உங்க ஆளுதான்னு. அதுக்கப்புறம் அவங்க இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்ல பாருங்க. நிஜமான அம்மான்னா மறுநாளே பேப்பரோட வந்து நின்னிருக்க மாட்டாளா?"

மேடம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கோப்பைப் புரட்டினார்.

"வெரட்டினீங்களா? எங்க ஆளு வந்தது வியாழக்கிழமை. ஆண் குழந்தை. பேப்பர் எல்லாமே சரியா இருந்துச்சு, பத்தே நிமிஷத்துல சிரிச்ச முகமா டப்பாவக் குடுத்தீங்கன்னு எழுதியிருக்காங்களே?"

"வியாழக்கிழமை இல்ல மேடம்... நான் சொல்றது செவ்வாய்க்கிழமை, பெண் குழந்தையோட ஒருத்தி..."

"ஒரு மையத்துக்கு ஒருத்தரத்தான் அனுப்பினோம்" என்றார் மேடம். "செவ்வாய்க்கிழமை நாங்க யாரையும் அனுப்பலியேம்மா."