அவங்க ஆள் வரட்டும்

"பிளக்கை மட்டும் மாத்தினா போதும் சார். நம்ம எலக்ட்ரீஷியன் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மாத்திடுவார். நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று போனில் கெஞ்சினார் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

"முடியாது. அந்த மெஷினை அவங்க நாட்டு இன்ஜினீயர்தான் தொடணும். நம்ம கை பட்டா உதவியே நின்னுடும்" என்றார் சுகாதாரத் துறைச் செயலாளர்.

இனாமாக வந்த டயாலிசிஸ் மெஷின் அது. கொடுத்தவர்கள், ஒரு காலத்தில் இந்த நாட்டையே ஆண்டுவிட்டு மூட்டை கட்டியவர்கள். சட்டப் புத்தகத்தை மட்டும் மூட்டையில் வைக்க மறந்துவிட்டார்கள். செயலாளர் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

"இங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு முட்டுது சார்."

"தெரியும். இன்ஜினீயர் வெள்ளிக்கிழமை வர்றார்."

"அதுவரைக்கும் தாங்காது. உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

செயலாளர் போனை வைத்தார். மேஜைமேல் கிடந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

மாலையில் வார்டு வாசலில் அவரைக் கண்டதும் டாக்டர் ஓடிவந்தார். "மனசு மாறிட்டீங்களா சார்?"

"இல்லை. இது பார்வையாளர் நேரம்தானே?"

வெந்நீர் பிளாஸ்க்கோடு நேராக அந்த அம்மாவின் கட்டிலுக்குப் போய், விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டார். அவள் மெல்லக் கண் திறந்தாள்.

"ஏங்க, யாரோ ஒரு ஆபீசர் கையெழுத்துப் போட மாட்டேங்கறாராமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பார்த்தேன்" என்றார் அவர். "கேக்க மாட்டேங்கறார்."