விருதைத் துறந்தவர்

'விருதைத் துறப்பவனே எழுத்தாளன்!' என்று பீமராவ் தன் வலைப்பதிவில் முழங்கியிருந்தார். அதை மொத்தம் பதினொரு பேர் படித்திருந்தார்கள்.

அவர்களில் ஒருவரான முருகானந்தம், துறையூரிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் பீமராவின் வீட்டுக்கே வந்துவிட்டார். பீமராவ் மறுத்த விருதை அளித்த சக பதிவர் அவர்தான். விருது பெறுபவர், தான் தவறாமல் படிக்கும் ஐந்து வலைப்பதிவுகளின் பெயரைச் சொல்லி, அவற்றுக்கும் விருதை வழங்க வேண்டும் என்பது நிபந்தனை.

"கோவிச்சுக்க வரலை சார். உங்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வந்தேன்."

"விருதுக்கு எதுக்குங்க நிபந்தனை? காவிரி என்ன நிபந்தனை போட்டுக்கிட்டா ஓடுது?"

"இப்பல்லாம் அப்படித்தான் ஓடுது" என்றபடி காபியோடு வந்தாள் பீமராவின் மனைவி பிரேமலதா.

முருகானந்தத்துக்குப் புல்லரித்திருந்தது. அவள் சொன்னது காதில் விழவில்லை.

"அந்த அஞ்சுல என் பதிவும் வருமான்னு ஒரு சின்ன ஆசை இருந்துச்சு சார். இப்ப அதை நினைச்சாலே வெட்கமா இருக்கு. எனக்கு வந்த விருதையும் இன்னைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

"அவசரப்படாதீங்க தம்பி" என்றாள் பிரேமலதா. "இவரும் அஞ்சு பேரை எழுதத்தான் உட்கார்ந்தார். ரெண்டு நாள் யோசிச்சும் ஒண்ணுக்கு மேல தேறலை."

பீமராவ் அவசரமாகக் காபியை ஆற்றத் தொடங்கினார்.

முருகானந்தத்தின் முகம் மலர்ந்தது. "அந்த ஒண்ணு... என்னோடதாம்மா?"

"இல்லைங்க. இவரோடதேதான்."