பதினாலாம் நாள் காய்ச்சல்

"கிட்ட வராதம்மா லம்துவன்! அங்கேயே நில்லு! எனக்குக் காய்ச்சல் அடிக்குது!"

வயல் நடுவே, காலூன்றி நின்ற மரக்குடிலின் மேலிருந்து பிரசோங் கத்தினான். வரப்போரம் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்த லம்துவன் அசரவில்லை. அவள் அந்த ஊரின் சுகாதாரத் தொண்டர். முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் திரை, கையுறை, தோளில் நோட்டுப் பை என்று பதினாலு நாளாக தினமும் வந்து அவனுக்குச் சூடு பார்த்துக்கொண்டிருப்பவள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே அண்ணே இருந்தீங்க? இன்னைக்கு உங்களை வீட்டுக்கு அனுப்புற நாளாச்சே!"

"அதான் எனக்கும் வருத்தம். விடியக்காலையிலிருந்து உடம்பு அனலாக் கொதிக்குது."

தம்பிக்கு வீடு மாற்ற ஒத்தாசை செய்ய பாங்காக் போய் நாலே நாள் தங்கிவிட்டு வந்தவன் பிரசோங். கொரோனா நேரம், வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பதினாலு நாள் தனியாக இருந்தாக வேண்டும். வீட்டில் தனி அறை ஏது? வயல் குடிலுக்குப் போ என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் பிரசோங்குக்கு அழுகையே வந்தது. மூன்றாம் நாள் வாய்க்காலில் தூண்டில் போட்டான். நாலாம் நாள் தூணுக்குத் தூண் வலைத்தொட்டில் கட்டினான். ஐந்தாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது: கூரை ஒழுகுது என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. பன்றிக்குத் தவிடு வைத்தாயா என்று கேட்க மாமியார் இல்லை. பகல் பதினொரு மணிக்குத் தூங்கினால் ஏன் என்று கேட்க யாருமே இல்லை!

சாயங்காலமானால் மனைவி தோங்சாய் சாப்பாடு கொண்டுவருவாள். மரக்கட்டையின் மேல் வைத்துவிட்டு, இருபது அடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்கு மேல் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"இன்னும் ஆறே நாள்தாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"உனக்காகத்தான் இருக்கேன் தோங்சாய்" என்று அவனும் மூக்கை உறிஞ்சுவான். அவள் வாய்க்கால் திருப்பம் தாண்டும் வரை சோகமாக நிற்பான். பிறகு வலைத்தொட்டிலில் விழுந்து வானொலியைத் திருகுவான்.

லம்துவன் ஏணியடிக்கு வந்து, கையை எட்டும் மட்டும் நீட்டி, சூடு பார்க்கும் கருவியை, மேல்படியில் குனிந்து நின்ற அவன் நெற்றிக்குக் குறி வைத்தாள். அது கீச்சென்று அலறியது.

"நாப்பத்திநாலு டிகிரி! முப்பத்தேழரை தாண்டினாலே காய்ச்சலாச்சே!"

"பாத்தியா? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"இந்தச் சூட்டுல மனுஷன் பேச முடியாது அண்ணே. ஏணிப்படி மேல நின்னு கத்துறீங்களே, அது எப்படி?"

"மன தைரியம்!"

"அது சரி, நெத்தியில என்ன ஒட்டிட்டிருக்கு?"

பிரசோங் தடவிப் பார்த்தான். ஒரு சோற்றுப் பருக்கை. அவன் முதுகுக்குப் பின்னால், ஒட்டரிசிச் சோறு வைக்கும் மூங்கில் கூடை ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

லம்துவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள்.

"சரி, ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் பண்றேன். மூக்குல குச்சி விட்டுப் பாத்தாத்தான் தெரியும். இவ்ளோ நீளம்." முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயோ, வேணாம் தங்கச்சி!" பிரசோங் இரண்டு கையையும் கூப்பிவிட்டான். "சோத்தை நெத்தியில வெச்சு அமுக்கினேன். ஒத்துக்கறேன். போதுமா?"

"எதுக்கு இந்த வேலை?"

"வீட்டுக்குப் போனா நான் எல்லாருக்கும் வேலைக்காரன். இங்க நான் ராஜா. ஒரே ஒரு ஏழு நாள் கூடப் போட்டு எழுதிடு. காய்ச்சல்னு வேணாம். சந்தேகம்னு எழுதேன்."

"அண்ணி பாவம் இல்லையா?"

பிரசோங்கின் முகம் நிஜமாகவே வாடியது. "அவளை நெனைச்சாத்தான் நெஞ்சு அடைக்குது. பத்து வருஷத்துல ஒரு நாளும் என்னைப் பிரிஞ்சு இருந்ததில்ல. நேத்துகூட அழுதுட்டேதான் போனா. நான் வரலேன்னு தெரிஞ்சா ஒடஞ்சே போயிடுவா. நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

லம்துவன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"ஏழு நாள் போதுமா அண்ணே?"

இவ்வளவு சுலபமாக மசிவாள் என்று அவன் நினைக்கவில்லை. "போதும், போதும்! நீ நல்லா இருக்கணும்! வெரால் மீன் ரெண்டு வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ. அப்புறம் தோங்சாய்கிட்ட, ஊர் நன்மைக்காக அவர் மனசைக் கல்லாக்கிக்கிட்டார்னு சொல்லு."

"நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல அண்ணே."

நோட்டைத் திருப்பி அவன் பக்கம் காட்டினாள். பிரசோங் என்ற பெயருக்கு எதிரே, 'சந்தேகம், மேலும் ஏழு நாள்' என்று ஏற்கெனவே எழுதிக் காய்ந்திருந்தது.

"காலையில ஆறு மணிக்கே அண்ணி எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. 'பத்து வருஷத்துல இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறேன், இன்னும் ஒரு வாரம் போட்டுக் குடு. ஆனா அவர் ஒடஞ்சே போயிடுவாரு, பக்குவமா எடுத்துச் சொல்லு'ன்னு ஒரே அழுகை."

பிரசோங் ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

"அந்தக் கருவியை எடு! எனக்குக் காய்ச்சலே இல்ல! நான் இப்பவே வீட்டுக்குப் போகணும்!"